டகோட்டாவின் வலப்பக்க இருக்கை

ஸ்ரீரஞ்சனிக்கு விமானம் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். அவள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி அது. அப்பா பைலட்டா? இல்லை, மந்தைவெளியில் ஹோமியோபதி மருந்துக்கடை வைத்திருந்தார். பைலட் ஆக ஆசைப்பட்டு முடியாமல் போனவளா? அதுவும் இல்லை, அவளுக்கு சைக்கிள் ஓட்டவே தடுமாற்றம். வெளிநாடு போகத் துடிக்கிறாளா? பாஸ்போர்ட்டே மகன் சுஹாஸ் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக எடுக்கவைத்தது. ஒருத்தருக்குக் கிரிக்கெட் பிடித்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஐம்பது வயதுப் பெண்மணிக்கு விமானம் பிடித்தால் மட்டும் ஊரே வக்கீலாகிவிடுகிறது.

கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் ஆபீஸ் அவள் பொறுப்பில் இருந்தது. பகலெல்லாம் அட்மிஷன், டி.சி., பெற்றோர்களின் கூச்சல். சாயங்காலம் மயிலாப்பூரில் மூன்றாவது மாடி வீட்டில் தளிகை, துணிமணி, கணவர். நடுவில் கிடைக்கிற துண்டு துக்கடா நேரமெல்லாம் விமானத்துக்கு. அடுப்படியில் நின்றபடியே, தலைக்கு மேல் போவது எந்த வகை என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால் கரண்டியும் கையுமாக பால்கனிக்கு ஓடி, ஃபோனில் சரிபார்த்துக்கொள்வாள். சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் நூலகத்தில் போய், தூக்கவே முடியாத தடிமனான விமானப் புத்தகங்களை மடியில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

புது விமானங்கள் மேல் அவளுக்குப் பெரிய மதிப்பு கிடையாது. மிக்ஸி மாதிரி எல்லாம் ஒரே சத்தம் என்பாள். அவள் உயிரை விட்டது பழைய பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்கு. அதிலும் இரட்டை இன்ஜின் டகோட்டா. அதன் இன்ஜினைக் கிளப்பினால் வட்டமாக அடுக்கிய சிலிண்டர்கள் ஒவ்வொன்றாக இருமும், தும்மும், வெள்ளைப் புகை விடும், பிறகு எல்லாம் ஒன்றுகூடி ஒரே கனத்த குரலாக முழங்கத் தொடங்கும். இதையெல்லாம் அவள் வீடியோவில் கேட்டதுதான். நேரில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நேரில் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கணவர் பத்ரிநாராயணன் நந்தனத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதிகாரி. அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். கெட்டவர் இல்லை. "கெட்டவர் இல்லை" என்ற இந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நம் ஊரில் எத்தனை ஆண்கள் கரையேறியிருக்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும். வீட்டுக்கு யாராவது வந்தால் போதும், "இவளுக்கு ஏரோப்ளேன் பைத்தியம் சார்" என்று சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு, காபி கலக்க உள்ளே போவாள். இருபத்துச் சொச்சம் வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அப்போதுதான் கோட்டூர்புரத்தில் ஆற்றோரமாக அந்தக் காட்சியகம் வந்தது. பழைய தொழிலதிபர் ஒருவருடைய பங்களாத் தோட்டம். மனிதர் உயிரோடு இருந்தவரை கண்ட இடத்திலெல்லாம் பழைய விமானங்களை வாங்கிப்போட்டு வைத்திருந்தார். அவர் காலமானதும் வாரிசுகள் கொட்டகை போட்டு, கயிறு கட்டி, டிக்கெட் அச்சடித்துவிட்டார்கள். ஒரு கிளைடர், துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம் ஒன்று, ஃப்ளையிங் கிளப்பில் ஓடிக் களைத்த ஒரு புஷ்பக் பயிற்சி விமானம், எல்லாவற்றுக்கும் நடுவில் திறந்தவெளியில், மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, ஒரு டகோட்டா.

பள்ளியில் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டுத்தான் அவள் முதல் தடவை போனாள். தனியாகப் போனாள். டகோட்டாவின் பக்கத்தில் போனதும் என்ன செய்வது என்றே தெரியவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினாள். உடம்பில் வரிசை வரிசையாகப் போயிருந்த ரிவெட்டுகளை விரலால் தடவிக்கொண்டே போனாள். இன்ஜினுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது ஒரு சொட்டு எண்ணெய் புடவைத் தலைப்பில் விழுந்தது. வேறு யாராவதாக இருந்தால் சத்தம் போட்டிருப்பார்கள். இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எண்ணெய் சொட்டுகிறது என்றால் இன்ஜின் இன்னும் சாகவில்லை என்று அர்த்தம்.

"வலது பக்க இன்ஜின் மட்டும் ஓடும் மேடம்," என்றாள் அங்கே பொறுப்பில் இருந்த சிம்ரா. சின்னப் பெண், இவள் கேட்ட கேள்விகளைக் கேட்டு அசந்துபோய்க் கூடவே நடந்துகொண்டிருந்தாள். "ஆனா ஓட்ட விட மாட்டேங்கறாங்க. பக்கத்து அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல சத்தம் ஆகாதுன்னுட்டாங்க. ஒரே ஒரு தடவை, ஒரு ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் ஓட்டிக்கலாம்னு சம்மதிச்சிருக்காங்க. அன்னிக்கே சிலிண்டர்ல எல்லாம் துருப்பிடிக்காம எண்ணெய் ஊத்தி மூடிடுவாங்க. அப்புறம் என்னிக்குமே ஓடாது."

"கடைசித் தடவையா?"

"கடைசித் தடவை. இடது சீட்டுல இன்ஜினியர் உக்காந்து கிளப்புவார். வலது சீட்டுல மெம்பர்ஸ்ல ஒருத்தரை உக்கார வைக்கப்போறோம். குலுக்கல்ல எடுப்போம்."

அவள் அங்கேயே, அந்த நிமிஷமே மெம்பரானாள்.

குலுக்கலில் தன் பெயர் வரும் என்று அவள் நம்பவில்லை. அவளுக்கு எதுவும் குலுக்கலில் வந்ததில்லை. கல்யாணத்தில் விளையாடிய ஹௌஸியில்கூட ஒரு வரிசை நிரம்பியதில்லை. ஆனால் வந்தது. ஒரு ஏழாம் வகுப்புப் பையனின் அப்பா மேஜையைத் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது சிம்ராவின் ஃபோன் வந்தது. "மேடம், நீங்கதான். வலது சீட்டு. அந்த ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர முடியுமா? கன்ஃபர்ம் பண்ணிடலாமா?"

ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு ஃபோனிலேயே பஞ்சாங்கத்தைப் பார்த்தாள். ஆவணி மாதம், வளர்பிறை தசமி, மாமனார் சிராத்தம். அது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. ஒரு நாள் இடைவெளி. "கன்ஃபர்ம் பண்ணிடும்மா," என்றாள். பிறகு பழைய ஃபைல்கள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுகைக்கு ஒன்றும் காரணம் இல்லை. சந்தோஷம்தான்.

வீட்டில் சொன்னபோது பத்ரி டி.வி.யைப் பார்த்துக்கொண்டே "பேஷ், பேஷ்" என்றார். என்றைக்கு என்று கேட்கவில்லை. அவள் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதற்கடுத்த ஒரு வாரம் அவள் எப்படி இருந்தாள் என்றால், பள்ளிக்கூட ஆயாம்மாவே "இன்னா மேடம், வூட்ல விசேஷமா?" என்று கேட்கிற அளவுக்கு இருந்தாள். காக்பிட்டின் படங்களை வைத்துக்கொண்டு, வலது சீட்டில் உட்கார்ந்தால் எந்தக் கடிகாரம் எங்கே தெரியும் என்று பழகினாள். இன்ஜின் கிளப்புவதற்கு முன் ஆட்கள் அதன் முன்னால் இருக்கிற விசிறியைக் கையால் சுற்றுவார்கள், அடி சிலிண்டர்களில் தேங்கிய எண்ணெயை வெளியேற்ற; அதுவரை உள்ளே இருப்பவர் எதையும் தொடக் கூடாது. இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு வாரம் ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே அதிகம் என்று விதி நினைத்துக்கொண்டதோ என்னவோ.

திங்கட்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பத்ரி சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமைக்கு வாழைக்காய், புடலங்காய், பிரண்டை எல்லாம் சொல்லி வெச்சுடு. வாத்தியார் பத்து மணிக்கெல்லாம் வந்துடுவார்."

"ஞாயித்துக்கிழமையா? அப்பாவோட ஸ்ராத்தம் சனிக்கிழமைன்னா?"

"வாக்கியத்துல ஞாயித்துக்கிழமைதான் தசமி. வாத்தியார் போன வாரமே சொல்லிட்டாரே."

அவளுக்குக் கையில் இருந்த சாதம் கையிலேயே நின்றது. "போன வாரமேவா? என்கிட்ட சொல்லலையே."

"உனக்குத் தெரியாதா என்ன? இத்தனை வருஷமா நீதானே பண்றே," என்றார் அவர், நிஜமான ஆச்சரியத்தோடு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் பஞ்சாங்கம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வாக்கியம், இன்னொன்று திருக்கணிதம். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். சில சமயம் திதி ஒரு நாள் தள்ளிப்போகும். ஸ்ரீரஞ்சனியின் பிறந்த வீட்டில் திருக்கணிதம், புகுந்த வீட்டில் வாக்கியம். ஃபோனில் அவள் எப்போதோ போட்டு வைத்திருந்தது பிறந்த வீட்டுப் பஞ்சாங்கம். சிம்ரா கேட்ட அவசரத்தில் அதைத்தான் பார்த்தாள். இத்தனை வருஷம் இந்த வீட்டில் உழன்ற பிறகும் அவசரத்தில் கை பிறந்த வீட்டுப் பக்கம்தான் போயிருக்கிறது. அன்று ராத்திரி தன்னைத்தானே திட்டிக்கொண்டதில் முக்கால்வாசி இதற்காகத்தான்.

மறுநாள் காலையில் நிதானமாகவே ஆரம்பித்தாள். "ஏன்னா, அச்யுத் சனிக்கிழமைதானே பண்றான்? நாமளும் சனிக்கிழமையே பண்ணிடலாமே."

அச்யுத், பத்ரியின் தம்பி. அடையாறில் இருக்கிறான். அவனும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். தளிகைக்கும் ஆள் வைத்து, எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து தருகிற ஒரு ஹாலில் அப்பாவின் சிராத்தத்தை முடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடுவான். அந்த ஹாலில் திருக்கணிதம். ஒரே அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகளும் இரண்டு நாளில் பிண்டம் போடுவார்கள், அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

"அவன் எதையோ எங்கேயோ பண்றான். நம்மாத்துல வாக்கியம்தான். அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"சரி. அப்போ அன்னிக்கு மட்டும் தளிகைக்கு ஒரு மாமியை வெச்சுக்கலாமா? பத்து மணிக்கு அங்கே ஆரம்பிச்சுடுவா. பதினோரு மணிக்கு மேல சத்தம் கூடாது. நான் ஆட்டோ பிடிச்சு வந்துடறேன். பரிமாறறதுக்குள்ள வந்துடலாம்."

பத்ரி பேப்பரை மடித்து வைத்தார். கோபப்பட்டால்கூடத் தேவலை, எதிர்த்து நிற்கலாம். அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்பா கடைசி ரெண்டு வருஷம் ஒன் கையால சாப்ட்டவர் ரஞ்சி. வேற யார் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டார். ஞாபகம் இருக்கோ? அவர் வர்ற நாள்ல ஒரு கூலிக்காரி சமைச்சுப் போடணுமா?"

இதற்கு மேல் அவள் வாதாட மாட்டாள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னார். கிழவருக்கு ஊட்டியது நிஜம். வாயைத் துடைத்தது, துணி மாற்றியது, முனகினால் எழுந்து போனது எல்லாம் நிஜம். பிடித்துத்தான் செய்தாள். செய்ததையே கயிறாக முறுக்கித் தன் காலைக் கட்டுவார்கள் என்று அப்போது தெரியாது.

"சரி," என்றாள்.

"வீடியோ எடுத்துப் போடுவா, பார்த்துக்கோயேன்," என்றார் அவர், பெருந்தன்மையாக.

அவள் சிம்ராவுக்கு, வர முடியாது என்று எழுத உட்கார்ந்தபோது பத்ரிக்கு ஒரு யோசனை வந்தது. "கேன்சல் பண்ணாதே. அச்யுத் பேருக்கு மாத்திடு. ஞாயித்துக்கிழமை அவன் சும்மாத்தான் இருப்பான். குடும்பத்துல ஒருத்தர் ஏறின மாதிரி இருக்கும்." அவரே தம்பிக்கு ஃபோன் போட்டுக் கேட்டும் விட்டார். அச்யுத்துக்கு ஒரே குஷி. ஸ்ரீரஞ்சனி ஃபோனை வாங்கி, "அச்யுத், ஒண்ணே ஒண்ணு. இன்ஜின் கிளம்பறச்சே உள்ளேருந்து கேக்கற சத்தம், அதை ஆரம்பத்துலேர்ந்து ரெக்கார்ட் பண்ணுவியா? படம் வேண்டாம், சத்தம் போதும்," என்றாள்.

"மன்னி, கவலையே படாதீங்கோ. புல்லட் ஸ்டார்ட் பண்றாப்பல டக்குன்னு பிடிச்சு அனுப்பிடறேன்."

தன் கையாலேயே அவன் பெயரையும் ஆதார் நம்பரையும் எழுதி சிம்ராவுக்கு அனுப்பினாள். உள்ளேயிருந்து பிடித்த சத்தமாவது கிடைக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அது செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் அடுப்படியில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் பத்ரியின் ஃபோன் அடித்தது. வாத்தியார்தான். அவர் பேசியதும் கேட்டது, பத்ரிக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"ஸ்வாமி, ஞாயித்துக்கிழமை தியாகராயநகர்ல ஒரு பெரிய இடத்துல சஷ்டியப்தபூர்த்தி வந்துடுத்து. தட்ட முடியலை. நம்மாத்து ஸ்ராத்தத்தை சனிக்கிழமையே வெச்சுண்டுடலாமா? திருக்கணிதப்படி அன்னிக்கே தசமி இருக்கு. தோஷம் ஒண்ணும் கிடையாது."

"ஆஹா, பேஷா வெச்சுண்டுடலாம் ஸ்வாமி. அதுக்கென்ன!"

மூச்சு விடுகிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை மனிதர். ஸ்ரீரஞ்சனி அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"வாக்கியம் என்ன ஆச்சு?"

"வாத்தியாரே சொல்றார். சாஸ்திரத்துல இடம் இருக்காம்."

"நான் சொன்னப்போ அந்த இடம் எங்கே போச்சு?"

"நீ என்ன வாத்தியாரா?" என்றார் பத்ரி. கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

அவள் ஃபோனை எடுத்தாள். சண்டை பிறகு போட்டுக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை காலி, சீட்டு முக்கியம். அச்யுத் உடனே ஒப்புக்கொண்டான்: "அதுக்கென்ன மன்னி, நீங்களே போங்கோ." ஆனால் சிம்ராவின் குரல் கம்மியது. உள்ளே ஏறுகிறவர்களுக்கு ஒரு நாள் இன்ஷூரன்ஸ் எடுக்கிறார்கள், பெயர்ப்பட்டியல் புதன்கிழமையே போய்விட்டது, இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. "நேத்து மத்தியானம் சொல்லியிருந்தாக்கூட மாத்தியிருப்பேன் மேடம். வெளியிலேர்ந்து பாக்கறதுக்கு முன் வரிசையில நிக்கவெக்கறேன். நிஜமா ஸாரி."

பத்ரிக்கு இன்ஷூரன்ஸ் விதிகள் நன்றாகத் தெரியும். "ஆமாம், க்ளோஸ் பண்ணினா பண்ணினதுதான்," என்று அந்தப் பெண்ணுக்காக வக்காலத்து வாங்கினார்.

சனிக்கிழமை சிராத்தம் குறைவில்லாமல் நடந்தது. விடியற்காலையில் தலைக்குக் குளித்து, மடிசார் கட்டிக்கொண்டு, யார் மேலும் படாமல், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அத்தனையும் அவளே சமைத்தாள். வாழைக்காய்க் கறி, புடலங்காய்க் கூட்டு, பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை, அதிரசம், திருக்கண்ணமுது. சாப்பிட்டு முடித்த பிராமணர்களிடம் திருப்தியா என்று கேட்க வேண்டும், அது முறை. பத்ரி கைகூப்பிக்கொண்டு கேட்டார். திருப்தி என்றார்கள். கரண்டியோடு கதவோரம் நின்றவளை யாரும் கேட்கவில்லை. கேட்கிற முறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்தச் சத்தம் இனி என்றைக்கும் கேட்காது. வீம்புக்காக அதையும் விடுவதா? போனாள். பத்ரியும் கூட வந்தார். தம்பி விமானத்தில் ஏறுவதைப் பார்க்க வேண்டுமாம்.

நல்ல கூட்டம். அச்யுத் புது டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கயிறு கட்டிய இடத்தில் வாட்ச்மேன் வடிவேலு நின்று, "கயித்துக்கு அந்தாண்ட நில்லுங்க, யாரும் உள்ள வராதீங்க," என்று கத்திக்கொண்டிருந்தார். சிம்ரா சொன்னபடி ஸ்ரீரஞ்சனியை வலப்பக்கம் முன்வரிசையில் நிற்கவைத்தாள். அங்கேயிருந்து காக்பிட்டின் பக்கவாட்டு ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரெட்டரி ஒருவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலி ஓரமாக நின்றிருந்தார். பதினோரு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் போனால் மனிதர் உயிரை வாங்கிவிடுவார் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"மறந்துடாதே அச்யுத். ஆட்கள் விசிறியைச் சுத்தி முடிச்சதுமே ரெக்கார்டிங் போட்டுடு," என்றாள்.

"ஓகே மன்னி." அவன் பின்பக்கக் கதவு வழியாக ஏணியில் ஏறினான். சரிவான தரையில் தடுமாறி நடந்து போய் முன்னால் உட்கார்ந்தான். ஜன்னலில் அவன் தலை தெரிந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பத்ரி வாயெல்லாம் பல்லாகப் படம் எடுத்தார்.

மெக்கானிக்குகள் இன்ஜினைச் சுற்றி எதையோ சரிபார்த்தார்கள். நேரம் ஆனது. ஆவணி வெயில், நிழல் இல்லாத இடம், உள்ளே தகரம் கொதித்துக்கொண்டிருக்கும். ஜன்னலில் அச்யுத் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஆட்கள் வந்து விசிறியைக் கையால் சுற்ற ஆரம்பித்தார்கள். ஒரு இறக்கை, அடுத்த இறக்கை, அடுத்தது. அவள் உதடு அவர்களோடு சேர்ந்து எண்ணியது.

எண்ணி முடிக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் தலை இல்லை.

வாலைச் சுற்றிக்கொண்டு அச்யுத் நடந்து வந்தான். டீ-ஷர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. "அப்பா! அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு மன்னி. எண்ணெய் நாத்தம் வேற. கார்த்தால சாப்ட்ட பொங்கல் மேல வர்றது. இறங்கிட்டேன்."

"இறங்கிட்டியா? ரெக்கார்டிங்?"

"இங்கேருந்தே எடுக்கறேனே. நன்னாக் கேக்கும்."

அவள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போய்விட்டாள். வாழ்க்கையில் எந்தக் கயிற்றையும் தாண்டாதவள். "சிம்ரா! சீட்டு காலியா இருக்கும்மா. நான் ஏறிடறேன். ஒரு நிமிஷம் போதும். எழுதிக் கொடுக்கறேன், எனக்கு எது ஆனாலும் நான்தான் பொறுப்புன்னு எழுதிக் கொடுக்கறேன்!"

சிம்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஏணியை எடுத்து, கதவைச் சாத்தியாகிவிட்டது. இன்ஜினியர் உள்ளேயிருந்து கையைக் காட்டிவிட்டார். செக்ரெட்டரி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

வடிவேலு ஓடி வந்து அவள் முன்னால் கையை விரித்து மறித்தார். "மேடம், வாங்க, வாங்க. ஃபேன் சுத்தப்போவுது. ஏணியத்தான் எட்த்துட்டாங்கல்ல, நான் இன்னா பண்றது, சொல்லுங்க." அவர் குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சினார். அவள் திரும்பி வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

விசிறி மெதுவாக ஒரு சுற்று சுற்றியது. இன்ஜின் இருமியது. ஒரு சிலிண்டர் தும்மியது, இன்னொன்று, வெள்ளைப் புகை குப்பென்று வந்தது, பிறகு எல்லாம் சேர்ந்து பிடித்துக்கொண்டன. கால் வழியாக ஏறி வயிற்றில் வந்து நின்றது அந்தச் சத்தம். ஆயுளுக்கும் கேட்க வேண்டும் என்று ஏங்கிய சத்தம். அவள் அதைக் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டாள். ஆனால் கண் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. இந்தப் பக்கம் காலியான சீட்டின் முதுகு அதிர்ந்துகொண்டிருந்தது. யாருக்கும் வேண்டாத சீட்டு. அவளைத் தவிர மற்ற எல்லாரும் ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்ட சீட்டு.

"இதுக்கா இத்தனை அமர்க்களம்?" பத்ரி அவள் காதருகே கத்தினார். "நம்ம ஃப்ளாட் ஜெனரேட்டர் மாதிரின்னா இருக்கு!"

செக்ரெட்டரி கையைத் தூக்கினார். இன்ஜின் நின்றது. விசிறி இன்னும் கொஞ்சம் சுற்றி, ஆடி, ஓய்ந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

பத்ரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். "நல்லவேளை, நீ ஏறலை. அந்த வெக்கையில தலை சுத்தி விழுந்திருப்பே."

"அந்த வெக்கையைத்தான் நான் ஒங்ககிட்ட கேட்டேன்," என்றாள் அவள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னாள்.

அவருக்குப் புரியவில்லை. "சரி, சரி, வா. அச்யுத் காரை எடுத்துண்டு வரப் போயிருக்கான். பசிக்கறது."

"நீங்க போங்கோ."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வாசல் பக்கம் நடந்தார். கூட்டமும் கலைந்தது. இன்ஜினுக்கு அடியில் ஏணி போட்டு மெக்கானிக்குகள் ஏறினார்கள். சூடு தணிவதற்குள்ளேயே ஒவ்வொரு சிலிண்டரிலும் பிளக்கைக் கழற்றி, உள்ளே எண்ணெய் விட்டு, மூடி போட்டுத் திருக ஆரம்பித்தார்கள். அவள் எதிரே கிடந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது, துடைக்கவில்லை. யார் பார்த்தால் என்ன?

கொஞ்ச நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பத்ரியின் நடை. திரும்பி வந்துவிட்டார். அவளுக்கு மனசு இளகியது, தன் மேலேயே கோபம் வருகிற அளவுக்கு இளகியது. வந்து பக்கத்தில் உட்காருவார். ஒன்றும் பேச வேண்டாம், சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்கூடப் போதும். புடவைத் தலைப்பை இழுத்து, பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"ஆத்துச் சாவி ஒங்கிட்டயா இருக்கு?" என்று அவர் கையை நீட்டினார்.

கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.